சிஸ்டர் பதில்கள்: டீயும் சிவப்பு மாத்திரையும்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்." மாசமாக இருப்பவர்களுக்குத் தரும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைத்தான் சொன்னேன். அவ்வளவுதான். கூடலூர், கம்பம், குமுளி, வண்டிப்பெரியார், ஏலப்பாறை என்று மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா, இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வழக்கமாக வரும் முழங்கால் வலி, சர்க்கரைக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதம் முழுக்க டீதான், அதுவும் மாசமாக இருப்பவர்களின் டீ.

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். எனக்குப் பிறந்த ஊர் கூடலூர். வாக்கப்பட்டது வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். 23 வயது. முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். இன்னும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் பார்த்ததில் ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.2 என்றார்கள். விடிகாலை 5 மணிக்கு எழுந்ததும் ஒரு கட்டன் (பால் விடாத டீ), 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, 10 மணிக்குக் காட்டில் ஒன்று, மதியம் கப்பையோ (மரவள்ளிக்கிழங்கு) சோறோ சாப்பிட்டதும் ஒன்று, எடை போட்டு வந்ததும் பால் டீ, ராத்திரி அடுப்படியில் ஒன்று, படுக்கும் முன் சில சமயம் இன்னொன்று. சிவப்பு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறது. அதனால் மதியக் கட்டனில் விழுங்கிவிடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. அப்படியும் ரத்தம் ஏறவில்லை. டீயைத் தொடவே கூடாது என்று மாமியார் திட்டுகிறார். டீ இல்லாவிட்டால் எனக்கு மண்டை பிளக்கிறது. விட்டேதான் ஆக வேண்டுமா?

பதில்: விட வேண்டாம் தாயி. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொரு பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. அவளிடம் நான் பட்ட வெட்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் உனக்குப் பதில் சொல்ல முடியும்.

பீர்மேடு மலையில் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் நர்சாக இருந்த காலம். அப்போது ரத்த அளவு பார்க்க இன்று போல மிஷின் கிடையாது. சாஹ்லி குழாயில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, ஆசிட் சேர்த்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பாதி நாள் மஞ்சு என்கிற மூடுபனி கவிந்திருக்கும், வெளிச்சத்துக்கு எங்கே போவது? அப்படி ஒரு நாள் ரெண்டாம் பிள்ளைக்காரி ஒருத்திக்கு எட்டாம் மாதம் பார்த்தால் 7.8. மஞ்சுதான் ஏமாற்றுகிறதோ என்று மறுநாள் வெயில் வந்ததும் திரும்பப் பார்த்தேன். அதே 7.8.

"மாத்திரையை எந்த ஓடையில் போட்டாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவளுடைய மூத்த பெண் வந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய காலி அட்டைகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனது. எண்ணிப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் இருந்த லயத்துக்கே, எஸ்டேட் வரிசை வீட்டுக்கே, போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். அவித்த கப்பை, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, பக்கத்தில் ஒரு பெரிய கிளாஸ் கட்டன். சாப்பிட்டு முடித்ததும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, கட்டனை ஒரு மடக்கு. "சாப்பிட்ட உடனே போடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் சிஸ்டர்" என்றாள். உண்மைதான். நான்தான் சொன்னேன். எங்கள் மலையில் சாப்பாடு என்றால் கூடவே கட்டனும் வரும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அது மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

என்ன ஆகும் என்று வேண்டுமானால் நீயே பார். ஒரு கண்ணாடி டம்ளரில் ஆறிய கட்டனை ஊற்றி, ஒரே ஒரு மாத்திரையை உடைத்துப் போட்டுக் கலக்கு. கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுத்துவிடும். நம் தாத்தாக்கள் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் டீயின் துவர்ப்பும் ஒரே வகை. சிவப்பு மாத்திரைக்குள் இருப்பதும் அந்த அன்னபேதிதான். டம்ளரில் நடப்பது வயிற்றிலும் நடக்கிறது. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, குடல் அதை உறிஞ்ச முடியாமல் வெளியே தள்ளிவிடுகிறது. மாத்திரைக்கு மட்டுமில்லை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு இவற்றில் வரும் இரும்புக்கும் இதே கதிதான். பால் டீ என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. பாலில் இருக்கும் கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும்.

ஆகவே உனக்கு நான் சொல்வது டீயை நிறுத்து என்பதல்ல, டீயையும் மாத்திரையையும் பிரித்து வை என்பதுதான். ராத்திரி 7 மணிக்குச் சாப்பிடு. சாப்பாட்டோடு டீ வேண்டாம். 9 மணிக்குப் படுக்கப் போகும்போது அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பு போட்ட தண்ணீரில் மாத்திரையை விழுங்கு. எலுமிச்சையின் புளிப்பு இரும்பை உறிஞ்ச உதவும், குமட்டலும் குறையும். விழுங்கியதும் படுத்துவிட்டால் பாதி குமட்டல் தூக்கத்திலேயே போய்விடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. கால்சியம் மாத்திரையும் தந்திருப்பார்கள். அதைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு போடு. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இன்னொன்று. 9.2 என்பது அலட்சியம் செய்கிற அளவு இல்லை. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அப்படி வந்துவிட்டால் வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை தருவார்கள். உனக்கு ஒன்றா இரண்டா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள், நீயாகக் கூட்டிக்கொள்ளாதே. டீயைப் பிரித்து வைத்த பிறகு ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல். ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஊசி மூலம் இரும்பு ஏற்ற வழி இருக்கிறது. இரும்புக் குறைவு தவிர வேறு காரணம் உண்டா என்றும் பார்ப்பார்கள். நாலாம் மாதத்துக்கு மேல் ஒரு தடவை பூச்சி மாத்திரை தருவது வழக்கம், அதை வாங்கினாயா? காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு சுலபமாக ஏறிவிடும். காலில் அட்டை கடித்தால் ஊரையே கூட்டுகிறோம், குடலில் ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில் ரத்தம் குடிக்கிறதை யாரும் நினைப்பதில்லை.

இனி, எத்தனை டீ? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கும் என்று கணக்கு கொடுத்திருக்கிறது. கட்டன் கொதிக்கக் கொதிக்க அந்த மேல் கணக்குக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கரு கலையும் ஆபத்தும் எடை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்தும் குறையும் என்பதற்காக. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 200க்குள் நிற்கச் சொல்கிறார்கள். நான் 200 கட்சி. உன் ஏழு கிளாஸைப் பெருக்கிப் பார், 400ஐக்கூடத் தாண்டும். மூன்று கிளாஸ், சின்ன கிளாஸ், என்று நிறுத்திக்கொண்டால் நிம்மதி.

ஒரே நாளில் ஏழை மூன்றாக்காதே. மண்டை பிளக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது காஃபின் கிடைக்காத தலைவலி. டீயை நிறுத்திய மறுநாளே வந்து, சிலருக்கு ஒரு வாரம் வரைகூட இருக்கும். முதல் வாரம் படுக்கும் முன் குடிப்பதையும் ராத்திரி அடுப்படி டீயையும் நிறுத்து. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டை ஒட்டிய கட்டனை. அதற்கடுத்த வாரம் 7 மணிக்குக் குடிப்பதை. மிச்சம் மூன்று. சண்டை போட்டு ஜெயித்த மூன்று, அதை ரசித்துக் குடி.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏழு டீக்கும் கணக்கு எழுதியிருக்கிறாய். சாப்பாடு என்று வருவது மதியம் ஒரே ஒரு இடத்தில்தான். விடிகாலை 5 மணியிலிருந்து மதியம் வரை மூன்று கட்டனில் கொழுந்து எடுக்கிறாயா? டீ பசியை அமர்த்திவிடும், சர்க்கரை கொஞ்சம் தெம்பு காட்டும், மலையில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். உன் மாமியாரும் அப்படி ஓட்டியவர்தான். 7 மணிக்குக் குடிப்பதை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். அந்த நேரத்தில் இரண்டு இட்லி, இல்லையென்றால் புட்டும் கடலையும், அதுவும் இல்லையென்றால் பழைய சோறும் ஒரு அவித்த முட்டையும் உள்ளே போகட்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடு. கப்பை சாப்பிடும் நாளில் மீன் கறி கட்டாயம். வெறும் கப்பையில் வயிறு நிறையும், ரத்தத்துக்கு ஒன்றும் சேராது. கொய்யா கிடைத்தால் விடாதே.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூடலூர் வருவதாக இருந்தால், அங்கே கொடுத்த தாய்-சேய் அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே ஒரு தடவை வந்து இங்குள்ள கிராம நர்ஸிடம் பதிந்து, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிக்கொள். ஒன்பதாம் மாதம் ஓடி வந்து அலையாதே.

கேள்வி: டீ குடித்தால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமா? என் மாமியார் சொல்கிறார். (பெயர் வேண்டாம், கம்பம்)

பதில்: பிறக்காது. உங்கள் மாமியாருக்கும் அவர் மகனுக்கும் என்ன நிறமோ, உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் என்ன நிறமோ, அதில் ஏதாவது ஒன்று வரும். குமுளிக் கடையில் கிராம் கணக்கில் வாங்கும் குங்குமப்பூவும் நிறத்தை மாற்றாது. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று மாமியாரிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஜீப் ஓட்டுகிறேன். சம்சாரத்துக்கு ஏழாம் மாதம். டீ கெடுதல் என்று யாரோ சொன்னார்கள் என்று காபிக்கு மாறிவிட்டாள். காலையில் ஒரு ஃபில்டர், சாயங்காலம் ஒரு ஃபில்டர். நல்லதுதானே சிஸ்டர்? ராத்திரி தூக்கமே இல்லை என்கிறாள், பிள்ளை உதைப்பதாலா?

பதில்: எலிக்குப் பயந்து புலியைக் கூப்பிட்ட கதை, தம்பி. அதே 150 மில்லியில் ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின். இன்ஸ்டன்ட் என்றால் 50 முதல் 65. உங்கள் வீட்டு டம்ளர் அதைவிடப் பெரிசாக இருந்தால், இரண்டு ஃபில்டரிலேயே 200 வந்துவிடும். காபியும் இரும்பைத் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை என்றாலும்.

தூக்கம் வராததற்குப் பிள்ளை மேல் பழி போடாதீர்கள். சாதாரண ஆளுக்கு உடம்பில் போன காஃபினில் பாதி கழிய 5 மணி நேரம் ஆகும். மாசமாக இருக்கும்போது ஈரல் அதை மெதுவாகத்தான் கழிக்கும். கடைசி மாதங்களில் பாதி கழியவே 15 மணி நேரம் வரை ஆகலாம். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த காபி மறுநாள் காலையிலும் பாதி உள்ளே நிற்கிறது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். பிள்ளைக்கோ அதைக் கழிக்கும் சக்தி இன்னும் வரவில்லை. சாயங்கால ஃபில்டரை நிறுத்திவிட்டு, காலையில் ஒன்று, மதியத்துக்குள் ஒரு சின்ன டீ என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கலர், கோலா பாட்டில்களையும் கணக்கில் சேருங்கள். சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் கலந்திருக்கும். மருந்துக் கடையில் கேட்காமல் ஒரு மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்புறம், சம்சாரம் குறைக்கிற மாதத்தில் நீங்கள் எதிரே உட்கார்ந்து மணக்க மணக்கக் குடிக்காதீர்கள். டிரைவர்களுக்கு ஸ்டாண்டில் டீ கிடைக்காதா என்ன?

கேள்வி: மகளுக்கு மூன்றாம் மாதம். மசக்கை தாங்க முடியவில்லை. டீ வாசமே ஆகவில்லை. குமுளியில் வாசனைச் சரக்குக் கடையில் கேட்டதற்கு கிரீன் டீ, செம்பருத்திப் பூ டீ, அதிமதுரம் போட்ட மூலிகை டீ, சுக்கு காபித் தூள் என்று ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூலிகைதானே, கொடுக்கலாமா?

பதில்: "மூலிகைதானே" என்பதில் வரும் அந்த "தானே" எனக்குப் பயம், அக்கா. எட்டிக்காயும் மூலிகைதானே.

பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கிரீன் டீ: அது வேறு செடி இல்லை. நம் எஸ்டேட்டில் கிள்ளும் அதே கொழுந்து, புளிக்க விடாமல் காய வைத்தது. காஃபினும் உண்டு, துவர்ப்பும் உண்டு. நிறையக் குடித்தால் ஃபோலிக் ஆசிட் வேலையையும் கெடுக்கக்கூடும். முதல் மூன்று மாதம்தான் பிள்ளையின் முதுகுத்தண்டு உருவாக அந்தச் சத்து மிகத் தேவை. திருப்பிப் பைக்குள்ளேயே வையுங்கள். செம்பருத்தி: மாதவிடாய் வர வைக்க நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்திய பூ. மாசமாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அதிமதுரம்: இனிப்பாக இருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் ரொம்பப் பிரியம், அங்கேயே கர்ப்பிணிகள் அதை நிறையச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். இதுவும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மிச்சம் சுக்கு. இது உங்கள் கட்சி. குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்று டாக்டர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சுக்குப்பொடி நாளைக்கு ஒரு கிராம், அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன், அதற்குள் நிறுத்துங்கள். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் சுக்கு காபி என்றால் பெரும்பாலும் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி, பேருக்குத்தான் காபி. அந்தப் பக்கம் நிஜமாகவே காபித் தூளும் போடுவார்கள். இல்லாததாகப் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து ஆற ஆறக் கொடுங்கள். ஏலக்காய் ஒன்றிரண்டு தட்டிப் போட்டால் தப்பில்லை, ஏலம் விளையும் ஊரில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்பேனா?

குமுளிக்கு மேலே ஹோட்டல்களில் சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டது, அதைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எப்போதோ ஒரு டம்ளர் குடித்ததற்காகக் கவலை வேண்டாம். தினமும் வீட்டில் போடுவதற்குச் சீரக வெந்நீர் போதும்.

மகளுக்குத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் இஞ்சியும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆறாம் மாதம். டீ குடிக்க ஆசை இல்லை, டீத்தூளைத்தான் வெறும் வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறது. டப்பாவைத் திறந்து யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை என்று போய்விடுகிறது. இது ஏதாவது வியாதியா? (ஏலப்பாறை)

பதில்: வெட்கப்பட ஒன்றும் இல்லை கண்ணு. டிஸ்பென்சரியில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் இதைச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தி அடுப்புச் சாம்பல், ஒருத்தி பச்சரிசி, ஒருத்தி பிள்ளையின் சிலேட்டுப் பல்பம். எஸ்டேட் என்பதால் டீத்தூளும் உண்டு.

இப்படி வேண்டாததைத் தின்னத் தோன்றுவதற்குப் பின்னால் பல சமயம் இரும்புக் குறைவு இருக்கும். உன் விஷயத்தில் கொடுமை என்னவென்றால், குறைவினால் தூளைத் தின்கிறாய், தின்ற தூளின் துவர்ப்பு வருகிற கொஞ்ச இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. அதுவும் வடிகட்டாமல் முழுத் தூள். நாளைக்கே போய் ரத்தம் பார். "டீத்தூள் தின்னத் தோன்றுகிறது" என்று இதே வார்த்தையில் சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்காவிடமோ டாக்டரிடமோ சொல். ரத்தம் ஏற ஏற இந்த ஆசை தானாக விட்டுப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை டப்பாவை மேல் தட்டில் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையோ வறுத்த நிலக்கடலையோ முடிந்துகொள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. உன் தெருவிலேயே உனக்குத் துணை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: பிள்ளை பிறந்த பிறகு இஷ்டம் போல டீ குடிக்கலாம்தானே?

பதில்: அளவாகக் குடி. பாலில் கொஞ்சம்தான் போகும், ஆனால் பச்சைப்பிள்ளைக்கு அது கழிய நாள்கணக்கில் ஆகும். பிள்ளை காரணமில்லாமல் முழித்துக்கொண்டு சிணுங்கினால் உன் கிளாஸை எண்ணிப் பார். சிவப்பு மாத்திரையும் முடியவில்லை, பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள் இருக்கிறது. அதே ராத்திரி 9 மணி, அதே எலுமிச்சை.

கேள்வி: லோயர் கேம்ப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்கள் என் கடையில் நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு வரும் பெண்களும் உண்டு. போன இதழில் நீங்கள் எழுதியதை ஒரு பெண் என்னிடம் காட்டி, "அண்ணே, இனிமே டீ தரக்கூடாதாம்" என்று சிரித்தது. டீ தந்தால் பாவமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: இத்தனை கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்கள் கடிதம், தம்பி. பாவமெல்லாம் இல்லை. மலை ஏறப் போகிறவளுக்கு விடியலில் சூடாக ஒரு டீ கிடைப்பது பெரிய விஷயம். அதில் கொஞ்சம் கைவேலை மட்டும் மாற்றலாம்.

டிகாஷனைப் பழைய தூளோடு சேர்த்துக் கொதிக்க விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு ஏறும். அந்தப் பெண்களுக்கு லைட்டாக, சின்ன கிளாஸில் போடுங்கள். சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாளைக்கு ஆறு டீ குடித்தால் சர்க்கரை மட்டும் 60 கிராம் போகும், கர்ப்ப காலச் சர்க்கரை இப்போது நிறையப் பேருக்கு வருகிறது.

பார்சல் கேட்டால் கொதிக்கிற டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றாதீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் 2019 ஜனவரி 1 முதலும் அந்தப் பக்கம் 2020 ஜனவரி 1 முதலும் அந்தப் பைகளுக்குத் தடை. ஆனாலும் ஜீப் கம்பியில் அது தொங்கிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தூக்குப்போணி கொண்டு வரச் சொல்லுங்கள். கொண்டு வருகிறவளுக்கு ஒரு மடக்கு கூட ஊற்றினால் நஷ்டமா போய்விடும்?

தூளைச் சோதித்து வாங்குங்கள். வெள்ளை வடிதாளை நனைத்து அதன் மேல் தூளைத் தூவிப் பாருங்கள். நல்ல தூள் அந்தக் கணத்தில் நிறம் விடாது. உடனே சிவப்பும் மஞ்சளுமாகக் கறை ஓடினால் சாயம் போட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூளுக்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தால் இரும்புத் தூள் இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரும்பு ரத்தத்தில் ஏறாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே.

எல்லாவற்றையும்விட முக்கியம், டீக்கு முன்னால் அவர்கள் ஏதாவது சாப்பிட்டார்களா என்பது. உங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் பிஸ்கட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு சட்டி அவித்த கொண்டைக்கடலை, ஒரு தட்டில் அவித்த முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் வையுங்கள். "தோட்டத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் அண்ணே" என்று சொல்கிற பெண்ணிடம் முட்டையைக் கையில் கொடுத்து, கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். முட்டையை ஜீப் ஏறும்போதே தின்னட்டும், டீயைப் போணியில் கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்துத் தோட்டத்தில் குடிக்கட்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் குமுளிக்குப் போகிறேன். வழியில் ஜீப்கள் நிற்கும் கடையாகப் பார்த்து இறங்குகிறேன், கொண்டைக்கடலைச் சட்டி இருந்தால் அது உங்கள் கடைதான் என்று கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு ஸ்ட்ராங், சர்க்கரை அரை. 67 வயசு ஆயிற்று, எனக்கென்ன!